நாலாவது தலை

மறுபடியும் சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷின் நின்றது. பீப் பீப் என்று அது கத்திய கத்தலில், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஜுவேரியாவுக்குக் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை அதன் மேலேயே வீசிவிடலாமா என்றிருந்தது.

தி. நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அவளுடைய அண்ணன் தௌசீஃபின் எம்பிராய்டரி கடை. கல்யாண பிளவுஸ்களுக்குக் கம்ப்யூட்டர் மெஷினில் ஜரிகைப் பூ போட்டுத் தருவது தொழில். மெஷினுக்கு ஆறு தலை. ஆறும் ஒரே நேரத்தில் ஆறு பட்டுத் துணியில் ஒரே பூவைத் தைக்கும். ஒரு தலையில் நூல் அறுந்தால் ஆறும் சேர்ந்து நின்றுவிடும். கூட்டுக் குடும்பத்தில் ஒருத்தருக்குக் கோபம் வந்தால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு கிடையாது என்கிற மாதிரி.

"இன்னைக்கு இது எத்தனாவது தடவ ஜுவி?" என்றான் தௌசீஃப். "நான் எண்ணுறத விட்டுட்டேன்."

"ரெண்டாவது தலைதான் பாய்ஜான். ஹூக்கு சூடாகுது. இரு, பாக்கறேன்."

"காலைல அஞ்சாவதுன்ன. நேத்து ஒண்ணாவதுன்ன. ஐப்பசி முகூர்த்தம் தலைக்கு மேல நிக்குது. நீ பாத்துக்கிட்டே இரு."

ஜுவேரியா குனிந்து இரண்டாவது தலைக்கு அடியில் கையை விட்டாள். துணிக்கு அடியில், ஊசி இறங்குகிற இடத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் எஃகு வளையம் ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். அதுதான் ஹூக். மேல் நூலைக் கவ்விக் கீழ் நூலோடு பின்னுவது அதன் வேலை. அது சுற்றுகிற வேகத்துக்குப் பொழுதன்றைக்கும் எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால், என்றைக்காவது ஒரு பொட்டு தெறித்துப் பட்டின் மேல் விழும். அப்படி ஒரு நாள், மாம்பழ நிறப் பட்டில் விழுந்த பொட்டின் மேல் டால்கம் பவுடரைக் கொட்டிவிட்டு, மணப்பெண்ணின் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று தௌசீஃப் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. எண்ணெயே வேண்டாத ஹூக். எஃகின் மேல் கரிப் பூச்சு. வைரமும் இல்லாமல் கிராஃபைட்டும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு கரி. தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிசு, ஆனால் தேயாது, வழுவழுவென்று ஓடும்.

அவள் வேலை பார்த்தது பெருங்குடியில் ஒரு பூச்சுக் கம்பெனியில். குளியலறைக் குழாய்களுக்குத் தங்க நிறம் ஏற்றித்தான் அந்தக் கம்பெனி வயிறு வளர்த்தது. முதலாளி லூர்துசாமியிடம் அவள் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியதுதான் இந்த ஹூக் வேலை. ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. போன திங்கட்கிழமை அவர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சத்தம் போடாமல்தான் சொன்னார்.

"தோ பாரும்மா. சனிக்கிழம நானே ஒங்கண்ணன் கடைக்கு வர்றேன். என் கண்ணெதிர்ல ஆறு பிளவுஸும் நிக்காம முடியட்டும். முடிஞ்சா மேல போவலாம். முடியலன்னா இத்தோட மூடிடலாம். நீ குழாய் செக்‌ஷனுக்கு வந்துடு."

குழாய் செக்‌ஷன்! எம்.டெக். படித்துவிட்டு, யார் வீட்டுக் குளியலறைக்கோ தங்கக் குழாய் பளபளக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதில் ஆத்திரம் எங்கே என்றால், கம்பெனியில் அவளுடைய ஹூக்குகள் ஒரு குறையும் சொல்ல முடியாதவை. அங்கே சோதனை அறை ஒன்று உண்டு. ஊழியர்கள் அதற்கு வைத்த பெயர் 'பாலைவனம்'. லூர்துசாமி பாலவாக்கத்துக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா ஆசை ஆசையாக வாங்கிப் படகில் மாட்டிய என்ஜினை உப்புக்காற்று இரண்டு மழைக்காலத்தில் தின்று தீர்த்தது. அதைச் சின்ன வயதில் பார்த்த மனிதருக்கு ஈரக்காற்று என்றால் ஜென்மப் பகை. கம்பெனி ஆரம்பித்ததும் அவர் முதலில் வாங்கியது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம். சோதனை அறைக்கு இரட்டைக் கதவு, ஜன்னல் கிடையாது, மூலைக்கு மூலை சிலிக்கா ஜெல் பை. யாராவது கதவை ஒரு நிமிஷம் கூடுதலாகத் திறந்து வைத்தால், "ஊட்ல ஃபிரிட்ஜ இப்டித்தான் தொறந்து போட்டுப் போவியா?" என்று எங்கிருந்தாவது குரல் வரும். அந்த அறைக்குள் ஒரு மணி நேரம் இருந்தால் உதடு வெடித்துவிடும்.

அந்த அறையில் ஜுவேரியாவின் பூச்சு சொர்க்கமாக ஓடியது. உராய்வு கிட்டத்தட்டப் பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டு ஒரே நேர்கோடாகப் போகும். அந்தக் கோட்டின் அழகில் அவள் மயங்கித்தான் போயிருந்தாள், பொய் சொல்வானேன். அதே ஹூக் தி. நகருக்கு வந்தால் சூடாகி, இழுத்து, நூலை அறுத்துத் தள்ளியது. நல்ல பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிவிட்டுத் தெருவில் பேசத் தெரியாமல் நிற்கிற பிள்ளையைப் பெற்ற மாதிரி இருந்தது அவளுக்கு.

வித்தியாசம் என்ன என்று யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வெளியே விடாமல் மழை. கடைக்குள் சுவரே வியர்த்தது. போதாக்குறைக்கு, மெஷின் ஓட்டுகிற அம்மாசி ஜன்னலில் ஈரமான பெட்ஷீட் ஒன்றைத் தொங்கவிட்டு, கீழே வாளியில் தண்ணீரும் வைத்திருந்தார். எம்பிராய்டரி கடைகளில் இது பழகிப்போன விஷயம். காற்று காய்ந்துவிட்டால் ஜரிகை நூல் சிலிர்த்துக்கொண்டு அறும்.

"பாய்ஜான், நாளைக்கு அந்த பெட்ஷீட்ட எடுத்துடலாம். கம்பெனிலேர்ந்து ஈரம் உறிஞ்சற ஸ்பேர் மெஷின் ஒண்ணு கொண்டாந்து கடையக் காய வெக்கிறேன்."

"அய்ய, இன்னா பாப்பா நீ?" என்று குறுக்கே வந்தார் அம்மாசி. ஜுவேரியா காலேஜ் போன காலத்திலிருந்தே அவளைத் தெரிந்தவர் அவர். "அத எடுத்தா நூலு பட்டுபட்டுனு பூடும்."

"தெரியும் அம்மாசிண்ணே. ஒரே ஒரு நாள்."

தெரிந்துதான் செய்தாள். வேறு வழி தெரியவில்லை.

வியாழக்கிழமை காலையில் அந்த இயந்திரத்தைக் கம்பெனி வேனில் கொண்டுவந்து இறக்கினாள். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டினாள். ஏ.சி.யையும் போட்டாள். மதியத்துக்குள் கடை காய்ந்த அப்பளமாகிவிட்டது. அப்புறம் மெஷினை ஓட விட்டாள்.

ஹூக்குகள் வெண்ணெயாக ஓடின. தொட்டுப் பார்த்தாள், சூடே இல்லை. ஜுவேரியா முகம் மலர்ந்து, "பாத்தியா பாய்ஜான்!" என்று திரும்பியதுதான் தாமதம், மூன்றாவது தலையில் நூல் அறுந்தது. கட்டினார்கள். முதல் தலையில் அறுந்தது. கட்டினார்கள். ஜரிகை நூல் பயந்த பூனையின் வாலாகச் சிலிர்த்துக்கொண்டு, கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு, ஊசிக்குள் போகவே மாட்டேன் என்றது. போதாததற்கு நாலாவது தலையிலிருந்து ஒரு கீச்சுச் சத்தம் கிளம்பியது. சிலேட்டில் நகத்தால் கீறினால் வருமே, பல் கூசும் சத்தம், அது.

தௌசீஃப் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டான்.

"போதும் ஜுவி. ஈரமா இருந்தா ஒன் ஹூக்கு நிக்குது. காஞ்சா என் நூலு அறுந்துடுது. சாயங்காலம் பொண்ணு வீட்லேர்ந்து வர்றாங்க. அவங்க கிட்ட நான் இன்னா சொல்லட்டும்? என் தங்கச்சி ஆராய்ச்சி பண்ணிக்கினு கீறான்னு சொல்லட்டா?"

அவன் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. களைத்துப்போன குரலில் சொன்னான். அதுதான் சுருக்கென்று தைத்தது. ஜுவேரியா மெஷினுக்கு அந்தப் பக்கம் போய், யார் முகத்தையும் பார்க்காமல், கத்திக்கொண்டிருந்த நாலாவது தலையின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது. மற்ற ஐந்தும் வெண்ணெயாக ஓடும்போது இந்தச் சனியனுக்கு மட்டும் என்ன கேடு?

அப்போதுதான் உறைத்தது. இந்த ஒரு மாதமாக ஒன்றாவது நின்றிருக்கிறது, இரண்டாவது நின்றிருக்கிறது, ஐந்தாவது நின்றிருக்கிறது. நாலாவது ஒரு தடவைகூட நின்றதில்லை. எல்லாம் ஈரத்தில் மக்கர் பண்ணியபோது அது மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறது. எல்லாம் அடங்கிய இன்றைக்கு அது மட்டும் கத்துகிறது.

ஸ்க்ரூவைக் கழற்றி ஹூக்கை வெளியே எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள். சிவப்பு மார்க்கரில் ஒரு பெருக்கல் குறி. அவள் கையாலேயே போட்டது.

"அம்மாசிண்ணே, இது எப்டி இங்க வந்துச்சு?"

அம்மாசி ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார். பிறகு, "திட்டக்கூடாது பாப்பா," என்று ஆரம்பித்தார். "நீ குட்த்த நல்ல ஹூக்கு கைலேர்ந்து வயிக்கி உயுந்து மூக்கு ஒடஞ்சி பூட்ச்சி. மொதலாளி கைல சொன்னா கத்துவாரு. டப்பாவுல அதே மாரி கர்ப்பா கெட்ந்துச்சா, எட்த்து மாட்டிட்டேன். அது பாட்டுக்கு ஓடிக்கினு கீது, அத ஏன் நோண்டணும்னு உட்டுட்டேன்."

தௌசீஃப் அவரை அடிக்காத குறையாகப் பார்த்தான். ஜுவேரியாவின் காதில் அதெல்லாம் விழவில்லை. அந்த டப்பா மூலையில் இருந்தது; அதிலிருந்த ஹூக்குகளைத்தான் வரைபடத் தாள்கள் பறக்காமல் இருக்க வெயிட்டாக வைப்பார்கள். ஒரு வருஷத்துக்கு முன்னால் அவளே ரிஜெக்ட் செய்து, இரும்புக் கடைக்குப் போடுவானேன் என்று அண்ணனிடம் கொடுத்த டப்பா.

"அண்ணே, பெட்ஷீட்ட நனைச்சுத் தொங்க விடுங்க. ஜன்னலத் தெறங்க. நாலாவது தலைய மட்டும் ஓட்டுங்க."

டேப்பைப் பிய்த்ததும் மழைக்காற்று கடைக்குள் புகுந்தது. நாலாவது தலை கீச்சென்று கத்தியபடியே சுற்ற ஆரம்பித்தது. பெட்ஷீட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. கொஞ்ச நேரத்தில் கீச்சு முனகலானது. பிறகு முனகலும் அடங்கி, ஊசி துணியில் இறங்குகிற டக்டக் மட்டும் கேட்டது.

ஜுவேரியா தலையில் அடித்துக்கொண்டாள். நிஜமாகவே, பளார் என்று.

தெரியாத விஷயமாக இருந்தால்கூட மனசு ஆறும். படித்த விஷயம். செமினாரில் நின்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விஷயம். கரிப் பூச்சில் இரண்டு ஜாதி உண்டு. வெல்டிங் கடையில் இருக்கிறதே, அந்த அசிட்டிலின் மாதிரி வாயுவிலிருந்து செய்தால் பூச்சுக்குள் ஹைட்ரஜன் நிறையக் கலந்திருக்கும். அது காய்ந்த காற்றில் வழுக்கிக்கொண்டு போகும், ஈரம் பட்டால் இழுக்கும். இன்னொன்று, கிராஃபைட் கட்டியில் மின்பொறி பாய்ச்சி வெறும் கரியை மட்டும் ஆவியாக்கிப் படிய வைப்பது. அதன் மேற்பரப்பில் இருக்கும் கரி அணுக்களுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். காய்ந்த காற்றில் வேறு எதுவும் இல்லாமல் எதிரே இருக்கும் எஃகையே பிடித்து இழுக்கும். அதனால்தான் அந்தக் கத்தல். ஈரம் இருந்தால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு எஃகை விட்டுவிடும். இவ்வளவுதான் சங்கதி. இந்த இரண்டாவது ஜாதியையும் அவள் செய்துதான் பார்த்தாள். பார்த்தது எங்கே? பாலைவனத்தில். அங்கே அது கதறியது. அந்த அழகான நேர்கோட்டுக்குப் பக்கத்தில் இதன் கோடு கோணல்மாணலாக எகிறியதைப் பார்த்து, சிவப்புப் பெருக்கல் குறி போட்டுத் தூக்கி எறிந்தாள். மெட்ராஸில் ஓடப்போகிற ஹூக்கை மெட்ராஸ் காற்றில் ஒரு தடவை வைத்துப் பார்க்கலாமே என்று அவளுக்கும் தோன்றவில்லை, அந்தப் பெரிய மனிதர் லூர்துசாமிக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆபீஸ் திறந்ததும் லூர்துசாமியின் மேஜை முன்னால் போய் நின்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். அவர் முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்த ரூமுல ஓடாதது வெளிய ஓடுதுன்னு சொல்ற?" என்றார்.

"ஆமா சார். ரூமத் தெறந்து ஒரே ஒரு நாள் வெளிக்காத்துல டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம். நம்பர் கைல இருக்கும்."

"அந்த ரூமுல ஈரத்த உட்டா நான் மன்சனே இல்ல."

"சார், நாம மெஷின ஓட்டப்போறது அந்த ரூமுல இல்லயே!"

"ஏம்மா, ரிஜெக்ட்னு நான் சொன்னனா, நீ சொன்னியா? இது எதுக்கும் ஒதவாது, அந்த ஆர்க் சோர்ஸக் கழட்டிப் போடுங்க, எடத்த அடைக்குதுன்னு யாரு சொன்னா? நான் வேணான்னு தலப்பாடா அட்ச்சிக்கினேன். இப்ப அந்த எடத்துல குழாய் ரேக்கு கீது."

ஆர்க் சோர்ஸ் என்பது கிராஃபைட்டில் பொறி பாய்ச்சும் அந்தக் கருவி. அதில்லாமல் இந்த ஜாதிப் பூச்சு இல்லை. கழற்றச் சொன்னது அவள்தான். மூன்று தடவை நினைவுபடுத்தியதும் அவள்தான்.

"கழட்டினத என்ன சார் பண்ணீங்க?"

"ஊட்டுக்கு எட்த்துனு பூட்டேன். பின்னால ஷெட்ல கீது."

பாலவாக்கம். வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் அலை தெரியும். ஒரு வருஷ உப்புக்காற்றில் அந்தச் செம்பும் எஃகும் என்ன கதியாகியிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. புதிதாக ஒன்று வாங்கித் தருகிற மனிதரா இவர்? அவள் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

"நாளைக்கு வர்றேன்," என்றார் லூர்துசாமி. "கண்ணால பாக்கறேன். அவ்ளோதான்."

ஜும்மா தொழுகை முடிந்து தௌசீஃப் கடைக்குத் திரும்பியதும் ஆறு தலையிலும் சிவப்புக் குறி போட்ட ஹூக்குகளை மாட்டினாள். மழை சோவென்று அடித்தது. ஜன்னலில் ஈரப் பெட்ஷீட், கீழே வாளி. மெஷின் ஒரு பூ முடித்து, அடுத்த பூ முடித்து, மூன்றாவதுக்குப் போனது. ஒரு பீப் இல்லை. தௌசீஃப் அவளுக்கு டீ வாங்கிக்கொண்டுவந்து வைத்தான். அந்த வீட்டில் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

"பாய்ஜான், அம்மாசிண்ணே, ரெண்டு பேருக்கும் சொல்றேன். நாளைக்கு நாங்க வந்து எறங்கும்போது மெஷினப் போட்டு விடுங்க, மத்தபடி அதுல யாரும் கை வெக்கக்கூடாது."

"தொடவே மாட்டோம்," என்றான் தௌசீஃப்.

அவன் வாக்குத் தவறவில்லை. அதுதான் கொடுமை.

சனிக்கிழமை லூர்துசாமியின் காரிலேயே அவளும் வந்தாள். பனகல் பார்க்கில் மாட்டிக்கொண்டு, மழையில் நனைந்த தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்து வந்து சேர்ந்தார்கள். படியேறும்போதே மேலேயிருந்து கீச்சுச் சத்தம் வந்தது. ஒன்றல்ல, ஆறு.

கதவைத் திறந்ததும் ஜில்லென்று முகத்தில் அறைந்தது. கடை பளபளவென்று இருந்தது. தரையைத் துடைத்திருந்தார்கள். ஊதுவத்தி மணத்தது. ஜன்னல்கள் சாத்தி, திரும்பவும் டேப் ஒட்டியிருந்தது. பெட்ஷீட்டைக் காணோம், வாளியைக் காணோம். ஏ.சி. ஓடியது. வியாழக்கிழமை அவள் கொண்டுவந்து, திருப்பி அனுப்ப மறந்துபோன அந்த ஈரம் உறிஞ்சும் இயந்திரம் மேலே ஒரு முழம் மல்லிகைப்பூவோடு நடுக்கூடத்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் தௌசீஃப், கையில் சமோசா தட்டோடு, "வாங்க சார், வாங்க!" என்று வாயெல்லாம் பல்லாக நின்றான். பின்னால் மெஷின் ஆறு குரலில் கதறியது.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" ஜுவேரியாவின் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"மெஷினப் போட்டு விட்டதோட சரி, தொடவே இல்ல ஜுவி, சத்தியமா! பெரிய மனுஷன் மொத மொத நம்ம கடைக்கு வர்றாரு. ஈர பெட்ஷீட்டயா தொங்க விட்டு வெப்பாங்க? அவரு வேர்க்க வேர்க்க உக்காந்தாருன்னு வீட்ல அம்மிக்குத் தெரிஞ்சா என்னக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவாங்க. அந்த ஈரம் உறிஞ்சற மெஷினும் அவரு கம்பெனிதானேன்னு ராத்திரியே போட்டு வெச்சேன்."

"பூ நான்தான் வெச்சேன்," என்றார் அம்மாசி.

அவர்களைத் திட்டுவதில் நியாயமும் இல்லை. கடையைத் தொடாதே என்று அவள் எங்கே சொன்னாள்? மெஷினைத் தொடாதே என்றுதானே சொன்னாள். கரிக்குத் தண்ணீர் வேண்டும் என்று அணுக்கணக்கில் தெரிந்த மகராசிக்கு, பெட்ஷீட்டை எடுக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

லூர்துசாமி காதைப் பொத்திக்கொண்டார். "பாத்தாச்சும்மா," என்றார். "திங்கக்கெழம குழாய் செக்‌ஷனுக்கு வந்துடு." சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார்.

"சார், ஒரு வாய்கூடச் சாப்பிடாம போறதா?" தௌசீஃப் பதறிப்போய்த் தட்டோடு அவருக்குக் குறுக்கே நின்றான். "எங்க ஊட்ல அப்டி அனுப்பற வழக்கமே இல்ல சார். உக்காருங்க. ஒரே ஒரு சமோசா. அம்மி கையால செஞ்சது."

அவனைத் தாண்டி யாரும் போக முடியாது. ஜுவேரியாவுக்கு அது சின்ன வயதிலிருந்தே தெரியும். அவர் வேண்டாவெறுப்பாக நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்தாள். அவ்வளவுதான், அதற்குமேல் அவள் யாரையும் கேட்கவில்லை. மெயின் சுவிட்சை அணைத்துக் கதறலை நிறுத்தினாள். உறிஞ்சும் இயந்திரத்தைப் பிடுங்கினாள். ஏ.சி.யை நிறுத்தினாள். டேப்பைப் பிய்த்து ஜன்னலை அகலத் திறந்தாள். பாத்ரூமிலிருந்து பெட்ஷீட்டைத் தேடி எடுத்து வாளியில் முக்கி, பிழியாமல் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கட்டினாள். தண்ணீர் தரையெல்லாம் ஓடி லூர்துசாமியின் பாலிஷ் போட்ட ஷூவை நனைத்தது. அவர் காலைத் தூக்கிக்கொண்டார்.

"ஏம்மா, பைத்தியம் கீது புட்ச்சிக்கிச்சா?"

"சமோசா முடியிற வரைக்கும் உக்காருங்க சார். அப்புறம் குழாய் என்ன, கக்கூஸ் கழுவச் சொன்னாலும் கழுவறேன்."

முதலாளியிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். பேசிவிட்டாள். தௌசீஃப் இரண்டாவது சமோசாவை வைத்தான். பிறகு டீ வைத்தான். பிறகு அம்மா கொடுத்தனுப்பிய அல்வாவை எடுத்தான். கடைக்குள் காற்று கனத்தது. லூர்துசாமியின் கழுத்தில் வேர்வை வழிய ஆரம்பித்ததும் ஜுவேரியா மெஷினை மறுபடி ஓட விட்டாள்.

ஆறும் கத்தின. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வேண்டிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. முதலில் ஜன்னலோரத்து ஆறாவது தலை அடங்கியது. பிறகு ஐந்தாவது. பெட்ஷீட்டிலிருந்து ஈரம் உள்ளே நகர நகர, சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. கடைசியாக, கதவோரத்தில் இருந்த முதல் தலை கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு, அதுவும் வாயை மூடிக்கொண்டது. டக்டக் டக்டக். பட்டில் பூ விரிந்துகொண்டே போனது. கொடி முடிந்து மயில் ஆரம்பித்து, மயிலும் முடிந்து மெஷின் தானாக நின்றது. பச்சை விளக்கு எரிந்தது.

லூர்துசாமி எழுந்து வந்தார். அல்வா ஒட்டிய கையை பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, நாலாவது தலைக்குக் கீழே விரலை விட்டு ஹூக்கைத் தொட்டார். சூடு இல்லை. விரலை முகத்தருகே கொண்டுபோனார். எண்ணெய் இல்லை.

"இந்த வேர்வைலயா ஓடுது இது?"

"இந்த வேர்வைலதான் சார் ஓடும்."

"அப்ப ரெண்டு வர்சமா அந்த ரூமுல நாம இன்னாதான் பண்ணிக்கினு இருந்தோம்?"

ஜெயித்த சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. வந்தது கோபம்தான். "அத நெனச்சா ஒங்களயும் என்னயும் நிக்க வெச்சு அறையணும்போல இருக்கு சார்," என்றாள். தௌசீஃப் தட்டைக் கீழே போடப்போனான். லூர்துசாமி மட்டும் தலையை ஆட்டினார்.

"வண்டில ஏறு," என்றார். "பாலவாக்கம் போவலாம்."

வழியெல்லாம் ஜுவேரியா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். அடையாறு பாலம் தாண்டும்போதே காற்றில் கடல் வாடை வந்துவிட்டது. கைப்பிடிச் சுவரில் கம்பிகள் செம்பழுப்பாகப் பொரிந்து கிடந்தன. துருப்பிடித்த கேட், துருப்பிடித்த ஷட்டர், துருப்பிடித்த சைக்கிள் என்று கண்ணில் பட்டதெல்லாம் அதுவே. ஆர்க் சோர்ஸ் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடப்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்குத்தான் இந்தப் பயணம் என்று மனசைத் தயார் செய்துகொண்டாள். கழற்றச் சொன்ன வாய்க்கு இது வேண்டியதுதான்.

ஷெட்டின் கதவே பாதி அரித்துப்போயிருந்தது. லூர்துசாமி அதை ஓங்கி உதைத்துத் திறந்தார். உள்ளே மூலையில், பலகை மேல், பிளாஸ்டிக் ஷீட் சுற்றிய பெரிய மூட்டை ஒன்று இருந்தது. அவர் குனிந்து டேப்பை ஒவ்வொன்றாக உரித்தார். ஒரு சுற்று, அதற்குள் இன்னொரு சுற்று, அதற்குள்ளும் ஒன்று. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே சிலிக்கா ஜெல் பைகள் கைப்பிடி கைப்பிடியாகச் சரிந்தன. கடைசி ஷீட்டை விலக்கியதும் செம்பு மினுக்கியது. நேற்றுத்தான் கடையிலிருந்து வாங்கிவந்த குத்துவிளக்கு மாதிரி, ஒரு புள்ளித் துரு இல்லாமல்.

ஜுவேரியா அதன் மேல் கையை வைத்தாள். இரண்டு வருஷத்தைக் கெடுத்த அதே கிறுக்குத்தனம்தான் இதையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. இந்த மனிதரைத் திட்டுவதா, காலைத் தொட்டுக் கும்பிடுவதா என்று தெரியாத ஆற்றாமையில் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதாள்.

"இன்னாத்துக்கு அழுவுற? தூக்கிப் போடுன்னு நீ சொன்னா நான் போட்ருவனா?" என்றார் லூர்துசாமி. குனிந்து, கீழே சிதறிய ஜெல் பைகளைப் பொறுக்க ஆரம்பித்தார். "இதுங்கள மிதிச்சிடாத. பத்தரமா எட்த்து வெய்யி. ரூமுக்கு ஆவும்."

"எந்த ரூமுக்கு சார்?" என்று கேட்டாள் ஜுவேரியா.

அவர் பொறுக்குவதை நிறுத்தினார். கையிலிருந்த பைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திறந்த கதவு வழியே தெரிந்த கடலைப் பார்த்தார்.

"சரி, உடு," என்றார்.